பச்சைப் பொறி, சிவப்புப் பொறி: பூச்சியுண்ணும் செடிகளில் அபூர்வ நிறங்கள்

டையோனியா செடியின் சொந்த ஊர் மிகச் சிறியது. அமெரிக்காவின் வட கரோலினா, தென் கரோலினா மாநிலங்களின் கடலோரச் சமவெளியில், வில்மிங்டன் நகரைச் சுற்றியுள்ள ஈரமான மணற்காடுகளில் மட்டுமே அது இயற்கையாக முளைக்கிறது. இரண்டாக மடங்கி மூடும் இலை, ஓரத்தில் பல் வரிசை, உள்ளே பூச்சி பட்டால் பொறியை இயக்கும் நுண்மயிர்கள். நல்ல வெயில் கிடைத்தால் பொறியின் உட்புறம் சிவக்கும். இலைக்காம்பும் பொறியின் வெளிப்புறமும் பச்சையாகவே இருக்கும். காட்டில் காணும் வழக்கமான தோற்றம் இதுதான்.

சேகரிப்பாளர்களின் கையில் இதே செடி இரண்டு எதிரெதிர் நிறங்களில் நிற்கிறது. ஒன்று ‘அகாய் ரியூ’. அட்லாண்டா தாவரவியல் பூங்காவில் பணியாற்றிய ரான் காக்லியார்டோ 1996இல் பதிவு செய்த ரகம். காம்பு, பொறி, பல் எல்லாமே கருஞ்சிவப்பு. மற்றொன்று ‘ஜஸ்டினா டேவிஸ்’. எத்தனை வெயிலில் வைத்தாலும் இதில் ஒரு பொட்டுச் சிவப்பு ஏறாது. பொறியின் உட்புறம்கூட மஞ்சள் கலந்த பச்சையாகவே இருக்கும். வட கரோலினா பிரிட்டிஷ் காலனியாக இருந்த காலத்தில் அதன் ஆளுநராக இருந்தவர் ஆர்தர் டாப்ஸ். 1759, 1760ஆம் ஆண்டுகளில் எழுதிய கடிதங்களில் டையோனியாவைப் பற்றி முதன்முதலாக வெளியுலகுக்குச் சொன்னவர் அவர்தான். அவருடைய இளம் மனைவியின் பெயர்தான் இந்தப் பச்சை ரகத்துக்கு வைக்கப்பட்டிருக்கிறது.

நிழலான ஜன்னலோரத்தில் வளரும் சாதாரண டையோனியாவும் முழுப் பச்சையாக இருக்கும். கடும் வெயிலும் குளிர்ந்த இரவும் சேர்ந்தால் சாதாரணச் செடியும் காம்புவரை சிவந்து காட்டும். புகைப்படத்தில் இவற்றுக்கும் அபூர்வ ரகங்களுக்கும் வித்தியாசம் தெரியாது. இந்த அத்தியாயம் முழுக்க ஒரே கேள்வியைச் சுற்றித்தான் செல்கிறது: கண்ணில் படும் நிறம் செடியின் மரபில் இருக்கிறதா, அது வளர்ந்த சூழலில் இருக்கிறதா? இதற்கு விடை தெரியாமல் காசு கொடுக்கவும் கூடாது, கலப்பு செய்யவும் கூடாது, பெயர் வைக்கவும் கூடாது.

சிவப்பு எப்படி உண்டாகிறது

டையோனியா, பசைமயிர்ச் செடியான ட்ரோசீரா, குடுவைச் செடிகளான சாரசீனியா, நெப்பந்திஸ் ஆகிய நான்கிலும் சிவப்பையும் ஊதாவையும் தருவது ஆந்தோசயனின் என்ற நிறமி. பீட்ரூட், முளைக்கீரை, காகிதப்பூ ஆகியவை சேர்ந்த அதே பெரிய வரிசையில்தான் டையோனியாவும் ட்ரோசீராவும் நெப்பந்திஸும் வருகின்றன. ஆனால் பீட்ரூட்டின் சிவப்பு பீட்டாலெய்ன் என்ற முற்றிலும் வேறான வேதிப்பொருள். பூச்சியுண்ணிகள் அந்தப் பாதையில் போகவில்லை.

ஆந்தோசயனின் ஒரே அடியில் உருவாவதில்லை. ஃபீனைல் அலனின் என்ற அமினோ அமிலத்தில் தொடங்கி, ஒரு நொதி முடித்ததை அடுத்த நொதி வாங்கி, பல படிகள் கடந்து நிறமி தயாராகிறது. கட்டட வேலையில் வரிசையாக நின்று செங்கல் கைமாற்றும் சித்தாள்களைப் போல, நடுவில் ஒருவர் நின்றுவிட்டாலும் கடைசி ஆளுக்குச் செங்கல் வந்து சேராது. ஏதாவது ஒரு நொதிக்கான மரபணு பழுதானால் செடி முழுவதும் சிவப்பு அற்றுப்போவது இதனால்தான். பச்சையத்துக்கு இதில் எந்தப் பாதிப்பும் இல்லை. ஒளிச்சேர்க்கை வழக்கம்போல நடக்கும், செடி திடமாக வளரும்.

பழுதில்லாத செடியிலும் இந்த வரிசை எப்போதும் முழு வேகத்தில் ஓடுவதில்லை. நீல ஒளியும் புற ஊதாக் கதிரும் அதை முடுக்கும். குளிர்ந்த இரவும், மண்ணில் பாஸ்பரஸ் குறைவும் முடுக்கும். நிழலும் வெக்கையும் மந்தமாக்கும். ஒரே செடி மார்கழியில் சிவந்தும் மழைக்கால மூட்டத்தில் வெளுத்தும் தெரிவதற்கு வேறு காரணம் தேட வேண்டியதில்லை.

பச்சை அபூர்வமாகும் இடம்

வட அமெரிக்காவின் குடுவைச் செடியான சாரசீனியாவில் சிவப்பற்ற செடிகள் மிகப் பழைய காலத்திலேயே கண்ணில் பட்டுவிட்டன. சாரசீனியா பர்புரியா என்ற இனத்தின் பெயரிலேயே ஊதா இருக்கிறது. கனடாவின் நியூஃபவுண்ட்லாந்து-லாப்ரடார் மாகாணத்தின் அதிகாரபூர்வ மலரும் அதுதான். அதன் முழுப் பச்சை வடிவத்தை 1822இல் அமெரிக்கத் தாவரவியலாளர் ஏமோஸ் ஈட்டன் தனி இனமாகவே கருதி ‘ஹெட்டிரோபில்லா’ என்று பெயரிட்டார். இன்று அதைத் தனி இனமாக யாரும் எடுத்துக்கொள்வதில்லை. பர்புரியாவுக்குள் ஒரு வடிவம் என்றே வைத்திருக்கிறார்கள்.

சாரசீனியா பேரினத்தின் பிற இனங்களிலும் இப்படிப்பட்ட பச்சைச் செடிகள் கிடைத்திருக்கின்றன. லூக்கோஃபில்லா, ஃபிளேவா, மைனர், சிட்டசினா, அலேட்டா எல்லாவற்றுக்கும் ‘விரிடெசென்ஸ்’ என்ற அடைமொழியோடு ஒரு பச்சை வடிவம் பதிவாகியிருக்கிறது. கலிபோர்னியாவிலும் ஓரிகனிலும் வளரும், நாகப்பாம்பு படமெடுத்த தோற்றமுள்ள டார்லிங்டோனியாவிலும் சிவப்பற்ற ரகம் உண்டு. அதன் பெயர் ‘ஒத்தெல்லோ’.

இவற்றின் மரபு வழியைச் சோதனை செய்து காட்டியவர்கள் பிலிப் ஷெரிடனும் ஆர். மில்ஸும். 1998இல் வெளியான ஆய்வில், பச்சைச் செடிகளைத் தம்முடனும் சிவப்புச் செடிகளுடனும் கலந்து, வந்த நாற்றுகளின் நிறத்தைக் கணக்கெடுத்தார்கள். சிவப்பின்மை ஓர் ஒடுங்கு பண்பு என்பது அதில் தெளிவானது. பள்ளிப் பாடத்தில் படித்த மெண்டலின் பட்டாணிக் கணக்கு இந்தக் குடுவைச் செடிக்கும் அப்படியே பொருந்துகிறது. நிறமி உண்டாகும் வரிசையில் தடை கடைசிப் படிகளுக்கு அருகில் விழுந்திருக்கிறது என்பதையும் அவர்களுடைய இன்னொரு ஆய்வு காட்டியது.

சோதிக்கும் முறை

உண்மையான சிவப்பற்ற செடியை உறுதி செய்ய லென்ஸும் பொறுமையும் போதும். முதலில் செடிக்கு முழு வெயில் கொடுக்க வேண்டும். ஒரு நாளைக்குக் குறைந்தது 6 மணி நேர நேரடி வெயிலில், ஒரு முழு வளர்ச்சிப் பருவம் நிற்க வேண்டும். கடையில் நிழலில் வளர்ந்த இலைகளை வைத்து எதையும் முடிவு செய்யக் கூடாது. வெயிலுக்கு வந்தபின் புதிதாக விரிந்த இலைகள்தான் சாட்சி.

பிறகு பார்க்க வேண்டிய இடங்கள் ஐந்து.

முதலாவது, குருத்து. வளர்நுனியில் புதிதாக எட்டிப்பார்க்கும் இலை மொட்டை லென்ஸ் வழியே பார்க்க வேண்டும். சிவப்பு ஒளிந்திருக்க அதிக வாய்ப்புள்ள இடம் இதுதான். சாரசீனியா ஃபிளேவாவில் ‘மேக்ஸிமா’ என்றொரு வகை உண்டு. வளர்ந்த குடுவை அடி முதல் மூடி வரை பளிச்சென்ற பச்சை. ஒரு நரம்புகூடச் சிவந்திருக்காது. அதைச் சிவப்பற்ற செடி என்று நம்பி வாங்கியவர்கள் நிறையப் பேர். வசந்தத்தில் அதன் குருத்தைப் பார்த்தால் அடிப்பகுதியில் இளஞ்சிவப்பு தெரியும். அதாவது மரபணு நலமாக இருக்கிறது, குடுவையில் மட்டும் வேலை செய்யவில்லை. அழகான செடிதான், ஆனால் அது வேறு சங்கதி.

இரண்டாவது, இலையின் அடி. மண்ணை ஒட்டிய காம்புப் பகுதியைப் பாசியை விலக்கிப் பார்க்க வேண்டும். மூன்றாவது, சுரப்பிகள். ட்ரோசீராவில் ஒவ்வொரு உணர்மயிரின் நுனியிலும் உள்ள சுரப்பி, சாதாரணச் செடியில் சிவந்த குண்டூசித் தலை அளவில் ஒளிரும். சிவப்பற்ற செடியில் அது கண்ணாடி நிறத்தில் இருக்கும். நான்காவது, பூ. சாரசீனியா லூக்கோஃபில்லாவும் பர்புரியாவும் வழக்கமாகச் சிவப்புப் பூ பூப்பவை. அவற்றின் சிவப்பற்ற வடிவங்கள் மஞ்சளாகப் பூக்கும். டையோனியாவில் இந்தச் சோதனை உதவாது. அதன் பூ எப்போதுமே வெள்ளை.

ஐந்தாவது, நாற்று. சந்தேகத்துக்கு இடமின்றித் தீர்ப்புச் சொல்லும் சோதனை இதுதான். செடியைத் தன் மகரந்தத்தாலேயே சூல்கொள்ளச் செய்து, விதை எடுத்து, முளைக்கவிட வேண்டும். சாதாரண சாரசீனியா நாற்று வெளிச்சம் பட்டதும் விதையிலைக்குக் கீழுள்ள தண்டில் சிவப்புக் காட்டும். சிவப்பற்ற செடியின் நாற்றுகள் ஒன்றுவிடாமல் பச்சையாக நிற்கும்.

சில செடிகள் இரண்டுக்கும் நடுவில் நிற்கின்றன. தென்னாப்பிரிக்காவின் ட்ரோசீரா கேப்பென்சிஸில் ‘ஆல்பினோ’ என்ற ரகம் வெள்ளைப் பூவும் நிறமற்ற சுரப்பியும் கொண்டது. ஆனால் மிகக் கடும் வெளிச்சத்தில் அதன் சுரப்பிகளில் லேசான ரோஜா நிறம் தோன்றும். சிவப்பு அதில் அடியோடு அற்றுப்போகவில்லை, வெகுவாகக் குறைந்திருக்கிறது என்று எடுத்துக்கொள்வதே சரி.

கருஞ்சிவப்பின் பக்கம்

சிவப்பு மிகுந்த ரகங்களில் சோதனையைத் தலைகீழாக நடத்த வேண்டும். இங்கே வெயிலில் சிவப்பது சாட்சியாகாது. எந்த உறுப்பு சிவக்கிறது, எவ்வளவு நாள் அந்தச் சிவப்பு நிலைக்கிறது என்பதே சாட்சி. சந்தேகத்துக்குரிய டையோனியாவை ஒரு சாதாரணச் செடியோடு ஒரே தட்டில், ஒரே மண்ணில், ஒரே வெயிலில் ஒரு பருவம் வளர்க்க வேண்டும். சாதாரணச் செடியின் காம்பும் பொறியின் வெளிப்புறமும் பச்சையாக நிற்க, பக்கத்துச் செடியில் அவையும் சிவந்திருந்தால் மட்டுமே மரபில் வந்த சிவப்பு என்று சொல்லலாம். ‘அகாய் ரியூ’வும் ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த ‘ராயல் ரெட்’டும் இந்தச் சோதனையில் தேறும். வெளிச்சம் குறைந்தால் அவையும் பச்சையடிக்கும். அதைப் பார்த்துக் கடைக்காரர் ஏமாற்றிவிட்டார் என்ற முடிவுக்கு வருவதற்குமுன் தொட்டியை வெயிலுக்கு மாற்றிப் பார்ப்பது நியாயம்.

மற்ற பேரினங்களிலும் சிவப்புக்குப் பேர்போனவை உண்டு. அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் ட்ரோசீரா ஃபிலிஃபார்மிஸ் உச்சி முதல் அடிவரை சிவந்து வளரும் கூட்டங்கள் இருக்கின்றன. அங்கேயே சாரசீனியா ஃபிளேவாவின் ‘ரூப்ரிகார்ப்போரா’ வகை, செங்குழலின் மேல் மஞ்சள் மூடி வைத்தபடி நிற்கும். ஆஸ்திரேலியாவின் தென்மேற்கு மூலையில் மட்டும் வளரும் செஃபலோட்டஸ், ஒரே ஒரு இனம் மட்டுமே உள்ள பேரினம். அதன் ‘ஈடன் பிளாக்’ ரகத்தில் குடுவை நல்ல வெளிச்சத்தில் கருப்புக்கு மிக அருகில் போகும் ஊதாவாக மாறும்.

நியூ சவுத் வேல்ஸின் பில்லிகா பகுதியிலிருந்து வந்த ட்ரோசீரா பர்மானி, ‘பில்லிகா ரெட்’ என்ற பெயரில் சேகரிப்பாளர்களிடம் புழங்குகிறது. தட்டையான இலை வட்டம் முழுவதும் செம்மணி நிறம். தமிழ்நாட்டில் அழுகண்ணி என்று சித்த மருத்துவர்கள் அறிந்திருக்கும் செடிகளில் இதே ட்ரோசீரா பர்மானியும் ஒன்று.

ஏமாற்றும் நிறங்கள்

நிறம் மாறிய செடி எல்லாம் சடுதிமாற்றம் அல்ல. மஞ்சள் வெளுப்புக்கு முதற்காரணம் தண்ணீர். போர்வெல் தண்ணீரில் உள்ள சுண்ணாம்பும் உப்பும் மண்ணில் சேரும்போது செடியால் இரும்புச் சத்தை எடுக்க முடியாது. புதிய இலைகள் நரம்பு மட்டும் பச்சையாக, மற்றபடி மஞ்சளாக வரும். இதை அபூர்வ ரகம் என்று வைத்திருப்பவர் சில மாதங்களில் செடியையே இழப்பார். இலைப்பேனும் சிவப்புச் சிலந்தியும் சாறு உறிஞ்சிய இலைகள் வெள்ளிப் புள்ளிகளோடு வெளுக்கும். வைரஸ் தாக்கினால் திட்டுத் திட்டாக நிறம் உடையும். அந்தச் செடியை மற்றவற்றிலிருந்து உடனே விலக்கி வைக்க வேண்டும்.

வெள்ளைக் கீற்றுகள் ஓடும் இலைகளைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். நெப்பந்திஸில் இவை அவ்வப்போது தோன்றும், நல்ல விலைக்கும் போகும். பெரும்பாலானவற்றில் வளர்நுனியின் ஒரு அடுக்குத் திசு மட்டும் பச்சையத்தை இழந்திருக்கும். பக்கத்து அடுக்கு நலமாக இருக்கும். எந்த அடுக்கிலிருந்து புதுக் கிளை புறப்படுகிறதோ அதன் நிறமே கிளைக்கும் வரும். முழுப் பச்சைக் கிளை வந்தால் அது வேகமாக வளர்ந்து கீற்றுக் கிளையை அமுக்கிவிடும். அதைக் கிள்ளிவிட வேண்டும். முழு வெள்ளைக் கிளை தானாக உணவு தயாரிக்க முடியாமல் வாடும். கட்டிங் எடுக்கும்போது பச்சையும் வெள்ளையும் சமமாகக் கலந்த கணுவைத் தேர்ந்தெடுப்பதே வழி. விதை மூலம் இந்தக் கீற்று அடுத்த தலைமுறைக்குப் போகும் என்று நம்பி வாங்கக் கூடாது.

பச்சைச் செடிக்குப் பூச்சி கிடைக்குமா

புதிதாகத் தொடங்குபவர்கள் தவறாமல் எழுப்பும் கேள்வி இது. சிவப்புதானே பூச்சியை இழுக்கிறது, அது இல்லாவிட்டால் செடி பட்டினி கிடக்காதா? ஆய்வுகள் ஒரே குரலில் பேசவில்லை. நெப்பந்திஸ் வென்ட்ரிகோசாவின் குடுவைகளுக்குச் சிவப்பும் பச்சையும் பூசிப் பார்த்த ஷேஃபரும் ரக்ஸ்டனும், சிவப்புக் குடுவைகளில் அதிகப் பூச்சி விழுந்ததாக 2008இல் எழுதினார்கள். அடுத்த ஆண்டே சாரசீனியா பர்புரியாவில் சோதித்த பென்னட்டும் எல்லிசனும், பூச்சியை இழுப்பது தேன்தான், நிறம் அல்ல என்ற முடிவுக்கு வந்தார்கள். வட்டஇலை ட்ரோசீராவில் 2014இல் வெளியான ஆய்வு, பொறியின் சிவப்பு இரையைக் கவர்வதில்லை என்றது.

தொட்டியில் வளர்ப்பவருக்கு இதிலிருந்து கிடைக்கும் செய்தி எளியது. தேனும் பசையும் சுரக்கும் பச்சைச் செடி வெளியில் நின்றால் தன் பாட்டைத் தானே பார்த்துக்கொள்ளும். உரம் மட்டும் மண்ணில் போடவே கூடாது.

கலப்புக் கணக்கு

சாரசீனியா இனங்கள் அனைத்தும் ஒன்றோடொன்று கலக்கும். கலப்பின் பிள்ளைகளும் விதை தரும். அதனால் ஒரு பச்சைச் செடி கையில் இருந்தால், அந்தப் பண்பை வேறு அழகுள்ள குடுவைக்குக் கொண்டுபோக முடியும். வேண்டியது காலம்.

பச்சைச் செடியை அந்தப் பண்பு கலவாத சிவப்புச் செடியோடு சேர்த்தால் முதல் தலைமுறை முழுவதும் சிவப்பு. இந்த இடத்தில் பலர் மனம் தளர்ந்து நாற்றுகளைத் தூக்கி எறிந்துவிடுகிறார்கள். பச்சைக்கான மரபணு ஒவ்வொரு நாற்றுக்குள்ளும் ஒளிந்திருக்கிறது. அவற்றில் இரண்டைத் தங்களுக்குள் கலந்தால் நான்கில் ஒன்று பச்சையாக வரும். முதல் தலைமுறைச் செடியை மீண்டும் பச்சைப் பெற்றோருடன் கலந்தால் இரண்டில் ஒன்று பச்சை.

நான்கில் ஒன்று என்பதால் நான்கு விதை போட்டால் போதும் என்று நினைக்கக் கூடாது. நான்கு நாற்றுகளிலும் ஒன்றுகூடப் பச்சையாக இல்லாமல் போக 100க்கு சுமார் 32 வாய்ப்பு உண்டு. 8 நாற்றுகளில் அது 10ஆகக் குறையும்; 16 நாற்றுகளில் 1ஆக இறங்கும். ஆகவே இரண்டாம் தலைமுறையில் குறைந்தது 16 நாற்றுகளாவது வளர்க்கத் தொட்டியும் இடமும் உள்ளவர்தான் இந்த வேலையில் இறங்க வேண்டும். நிறம் நாற்றுப் பருவத்திலேயே தெரிந்துவிடுவதால் சிவப்பு நாற்றுகளைச் சீக்கிரமே பிரித்து நண்பர்களுக்குக் கொடுத்துவிடலாம். குடுவையின் அழகுக்காகவும் பொறுக்கி எடுக்க விரும்பினால் நாற்றுகள் இன்னும் பல மடங்கு வேண்டும்.

சாரசீனியாவின் பூ தலைகீழாகத் தொங்கும். நடுவில் சூல்தண்டு, கவிழ்த்த குடையாக விரிந்து, ஐந்து முனைகளிலும் ஒவ்வொரு சிறு சூல்முடியை வைத்திருக்கும். மகரந்தம் உதிர்ந்து அந்தக் குடைக்குள் சேரும். மெல்லிய தூரிகையால் அதை எடுத்து, வேண்டிய பூவின் ஐந்து முனைகளிலும் உட்புறமாக உள்ள சிறு மேட்டில் தடவ வேண்டும். தேனீ முந்திக்கொள்ளாதபடி பூ விரியும் முன்பே வலைப்பை கட்டுவது அவசியம். விதையை ஈரப் பாசியில் வைத்து நான்கு முதல் ஆறு வாரம் குளிர்பெட்டியில் வைத்தபின் விதைத்தால் சீராக முளைக்கும். நாற்று பூக்க நான்கைந்து ஆண்டு ஆகும். இரண்டு தலைமுறை காண ஏறக்குறைய பத்தாண்டு.

நெப்பந்திஸில் இன்னொரு நிபந்தனை உண்டு. ஆண் செடி வேறு, பெண் செடி வேறு. இரண்டும் ஒரே சமயத்தில் பூத்தால்தான் கலப்பு நடக்கும்.

பெயரும் லேபிளும்

பூச்சியுண்ணும் செடிகளின் வளர்ப்பு ரகங்களை உலக அளவில் பதிவு செய்யும் பொறுப்பு சர்வதேசப் பூச்சியுண்ணும் தாவரச் சங்கத்திடம் இருக்கிறது. 1972 முதல் வரும் அதன் இதழில் ரகத்தின் விவரிப்பும் அடையாளப் படமும் வெளியாவது வழக்கம். மேற்கோள் குறிக்குள் எழுதப்படும் பெயர் என்றால், அந்த விவரிப்பில் சொன்ன குணங்கள் இந்தச் செடியில் இருக்கின்றன என்று உறுதி கூறுவதாகும்.

‘அகாய் ரியூ’வின் விதையிலிருந்து முளைத்தது ‘அகாய் ரியூ’ ஆகாது. பதிவில் வேறு மாதிரி சொல்லியிருந்தாலொழிய, ரகப் பெயர் கட்டிங், இலைத் துண்டு, கிழங்குப் பிரிப்பு, டிஷ்யூ கல்ச்சர் வழியாகத்தான் தொடரும். டையோனியாவில் இலையைக் கிழங்கோடு ஒட்டிய வெள்ளை அடியுடன் கீழ்நோக்கிக் கிழித்தெடுத்து, ஈர ஸ்பாக்னம் பாசியில் படுக்கவைத்தால் சில வாரங்களில் அந்த வெள்ளை அடியில் குட்டிச் செடிகள் முளைக்கும். டிஷ்யூ கல்ச்சரில் சில நேரம் புதிய மாற்றங்களே தோன்றிவிடுவதால், ஆய்வுக்கூடத்திலிருந்து வந்த செடியையும் ஒரு பருவம் வளர்த்துப் பார்த்துத்தான் ரகப் பெயரை ஏற்க வேண்டும்.

லேபிளில் ஐந்து விவரம் இருக்க வேண்டும்: இனம், ரகம் அல்லது வடிவம், யாரிடமிருந்து எப்போது வந்தது, விதையா கட்டிங்கா, காட்டு விதை வழி வந்ததென்றால் மூல இடம். பிளாஸ்டிக் பட்டையில் பென்சிலால் எழுதினால் வெயிலில் அழியாது; மார்க்கர் எழுத்து ஒரு கோடையில் போய்விடும். ஒரு நகலைத் தொட்டிக்குள் மண்ணில் புதைத்தும் வைக்கலாம்.

வாங்கும்போது

நீல டையோனியா கிடையாது. வானவில் நிறப் பொறி கிடையாது. ஆன்லைன் கடைகளில் நீலமும் ஊதாவுமாக வண்ணம் மாற்றிய படங்களைப் போட்டு விற்கப்படும் விதைப் பொட்டலங்கள் அப்பட்டமான மோசடி. அவற்றில் பெரும்பாலும் வேறு ஏதோ செடியின் விதைதான் இருக்கும். அபூர்வ நிறத்தை விதையாக வாங்காமல் வளர்ந்த செடியாகவே வாங்க வேண்டும். வெயிலில் எடுத்த குருத்தின் படம் கேட்க வேண்டும். விற்பவர் தரத் தயங்கினால் அந்த வியாபாரத்தை விட்டுவிடலாம்.

காட்டிலிருந்து பிடுங்கிய செடியை எந்த நிறத்துக்காகவும் வாங்கக் கூடாது. வட கரோலினாவில் 2014 டிசம்பர் முதல் டையோனியாவைத் திருடுவது கடுங்குற்றம். சட்டம் வந்த அடுத்த மாதமே, ஹோலி ஷெல்டர் வனப் பகுதியில் 970 செடிகளோடு நான்கு பேர் பிடிபட்டார்கள். அபூர்வ நிறச் செடி காட்டில் ஒன்றோ இரண்டோதான் இருக்கும். அதைப் பெயர்த்தெடுத்தால் அந்த இடத்தில் அந்த மரபு அத்தோடு முடிந்தது.

டையோனியா, சாரசீனியா, நெப்பந்திஸ் மூன்றும், அருகிவரும் உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் ஒப்பந்தத்தின் பட்டியலில் உள்ளவை. நாடு விட்டு நாடு கொண்டுவர சைட்டிஸ் அனுமதி வேண்டும். இந்தியாவுக்குள் வரும் செடிக்கு 2003ஆம் ஆண்டின் தாவரத் தனிமைப்படுத்தல் ஆணைப்படி இறக்குமதி அனுமதியும், ஏற்றுமதி நாட்டின் தாவரச் சுகாதாரச் சான்றும் தேவை. மேகாலயாவின் நெப்பந்திஸ் காசியானா சைட்டிஸின் மிகக் கடுமையான முதல் பட்டியலில் இருக்கிறது. இந்திய வன உயிரினப் பாதுகாப்புச் சட்டமும் அதைக் காக்கிறது. இலங்கைக்கே உரிய நெப்பந்திஸ் டிஸ்டில்லட்டோரியாவும் சைட்டிஸ் பட்டியலில் உண்டு.

தமிழ்நாட்டு மாடியில் எது நிற்கும்

இந்த அத்தியாயத்தின் நாயகர்களான டையோனியாவுக்கும் சாரசீனியாவுக்கும் ஆண்டுக்கு மூன்று நான்கு மாதம், 10 டிகிரிக்குக் கீழான குளிர் உறக்கம் வேண்டும். சென்னை, மதுரை, திருச்சி மாடிகளில் அது கிடைக்காது. உறக்கம் இல்லாமல் ஒன்றிரண்டு ஆண்டு இழுத்துப் பிடித்துவிட்டுச் செடி மெலிந்து போகும். ஊட்டியிலும் கொடைக்கானலிலும் இருப்பவர்கள் முயன்று பார்க்கலாம். அந்த மலைகளில் ட்ரோசீரா பெல்டேட்டா தானாகவே வளர்கிறது.

சமவெளியில் நிற சேகரிப்பைத் தொடங்க மூன்று செடிகள் உகந்தவை. ட்ரோசீரா பர்மானி வெக்கையைத் தாங்கும்; ஓராண்டில் பூத்து, நிறைய விதை தந்து முடிந்துவிடும் என்பதால் விதையை எடுத்துவைக்க மறக்கக் கூடாது. சாதாரணச் செடியையும் ‘பில்லிகா ரெட்’டையும் அருகருகே வளர்த்தால் மரபு நிறம் எது, வெயில் நிறம் எது என்பதைக் கண் பழகிக்கொள்ளும். இரண்டாவது, நெப்பந்திஸ் ஆம்புல்லேரியா. போர்னியோ, மலேயா, சுமத்ரா தாழ்நிலக் காடுகளைச் சேர்ந்த இது வெப்பமும் ஈரப்பதமும் விரும்பும். பச்சை, சிவப்பு, புள்ளி என்று பல நிறங்களில் கிடைக்கும். மூன்றாவது, ட்ரோசீரா கேப்பென்சிஸின் சாதாரண வடிவமும் ‘ஆல்பினோ’வும். கோடையில் அரைநிழலும் குளிர்ச்சியும் கொடுத்துக் காப்பாற்ற வேண்டும்; தானாக விதைக்கும் என்பதால் இழப்பு நேர்ந்தாலும் மீட்டுவிடலாம்.

மூன்றுக்கும் மழைநீர் அல்லது ஆர்.ஓ. தண்ணீர் மட்டும்தான், டி.டி.எஸ். மீட்டரில் 50ஐத் தாண்டக் கூடாது. ட்ரோசீராவுக்குப் பீட் மாஸும் பெர்லைட்டும் சரிபாதி கலந்து, தொட்டியை ஓரங்குலத் தண்ணீர்த் தட்டில் வைக்கலாம். நெப்பந்திஸை அப்படித் தண்ணீரில் நிறுத்தக் கூடாது. ஸ்பாக்னம் பாசியும் பெர்லைட்டும் கலந்து, ஊற்றிய தண்ணீர் வடிந்து போகவிட வேண்டும்.

கையில் ஓர் அபூர்வ நிறச் செடி வந்து சேர்ந்தவர்கள் இரண்டு காரியம் செய்யுங்கள். அதை முழு வெளிச்சத்தில் ஒரு பருவம் வளர்த்து, குருத்தையும் பூவையும் சோதித்து, கண்டதை லேபிளில் எழுதுங்கள். பிறகு ஒரு கட்டிங்கோ விதையோ எடுத்து, லேபிளின் நகலோடு இன்னொரு வளர்ப்பவருக்குக் கொடுங்கள். ஒரே தொட்டியில் இருக்கும் ரகம் ஒரு மின்தடையிலோ ஒரு வாரப் பயணத்திலோ உலகத்திலிருந்தே போய்விடக்கூடும். மூன்று வீடுகளில் இருக்கும் ரகம் நிலைக்கும்.